செம்பூச்சிக் கிடங்கு

கதவு அடைபட்ட சத்தம் ரங்கனை அவ்வளவாக அசைக்கவில்லை. அதற்கடுத்து வெளியே நாதாங்கி விழுந்த சத்தம்தான் அவனைக் கதவுக்கு ஓட வைத்தது.

"ஏனுங்கய்யா, காத்துக்குச் சாத்திக்கிச்சுங்களா?"

"காத்து கதவைச் சாத்தும். நாதாங்கி போடாது," என்றார் கைலாசம். பொடி டப்பாவை எடுத்துத் தட்டி, ஒரு சிட்டிகையை மூக்கில் ஏற்றிக்கொண்டு, கைக்குட்டையால் நிதானமாகத் துடைத்தார்.

ரங்கனுக்கு இரண்டு குணங்கள் உண்டு. நாலு சுவருக்குள் அடைபட்டால் மூச்சு முட்டும். மூச்சு முட்டினால் வாய் மூடாது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் துப்பறியும் தொழில் நடத்தும் கைலாசத்திடம் அவன் ஆறு வருஷமாக உதவியாளன். அவன் பேசுகிற வேகத்தைக் கொண்டே கைலாசம் ஆபத்தின் அளவைத் தெரிந்துகொள்வார்.

"நான் அப்பவே சொன்னனுங்க. அந்தக் காவக்காரன் காளியண்ணன், 'உள்ள போயி நல்லாப் பாத்துக்குங்க சாமி'ன்னு பல்லைக் காட்டுனப்பவே சொன்னனுங்க. என்ற மாமனாரு ஊட்டுலகூட என்னைய இத்தனை ஆசையா உள்ள கூப்புட்டதில்லைங்க."

"நீ எதுவும் சொல்லலையே."

"மனசுக்குள்ள சொன்னனுங்க."

அது முப்பத்தேழாம் வருஷத்து மாசி மாதம். உச்சிப்பொழுது. மல்லசமுத்திரத்துக்கு ஒரு கல் தொலைவில் செங்கோடனின் பருத்தி மில்லும், அதன் பின்னால் தகரக் கூரை போட்ட இந்தக் கிடங்கும் அக்கம்பக்கம் வீடு வாசல் இல்லாமல் தனியாகக் கிடந்தன. காணாமல் போன ஒருவரைத் தேடித்தான் இருவரும் இங்கே வந்தார்கள். விவசாய இலாகாவைச் சேர்ந்த சென்னியப்பனை ஊர்க்காரர்கள் பூச்சி ஆபீசர் என்பார்கள். திங்கட்கிழமை காலையில் இந்த மில்லின் விதைக்கொட்டையை இரண்டாம் தடவையாகச் சோதிக்கப் போனவர், வியாழக்கிழமை ஆகியும் வீடு திரும்பவில்லை.

"பூச்சியப் பாக்கப் போனா அவரு சோத்த மறந்துருவாருங்க. ஆனா மூணு நாளைக்கு மறக்க மாட்டாருங்க," என்று சொல்லிக் கலங்கி நின்றாள் அவர் மனைவி நல்லம்மாள். கல்யாணத்தில் எடுத்த ஒரு போட்டோவைக் கொடுத்தாள். பதினைந்து வருஷத்தில் வெளுத்துப்போயிருந்த அதில் மாலையும் மீசையும்தான் தெரிந்தன. இப்போது கண்ணாடி போட்டிருப்பார் என்று அடையாளம் சொன்னாள். அவர் எழுதி வீட்டில் ஒளித்து வைத்திருந்த ஒரு நோட்டையும் எடுத்துக் கொடுத்தாள். அந்த நோட்டைக் கைலாசம் திருச்செங்கோடு வரைக்கும் பஸ்ஸில் ஒரு வரி விடாமல் படித்தார். ரங்கன் அவர் தோளில் சாய்ந்து ஒரு நிமிஷம் விடாமல் தூங்கினான்.

இப்போது அவன் கிடங்கைச் சுற்றிச் சுற்றி வந்தான். கூரை முட்டும்படி அடுக்கிய பருத்தி மூட்டைகளும் கொட்டை மூட்டைகளும். நடுவே ஓர் ஆள் நடக்கும் சந்து. இரண்டு ஆள் உயரத்தில் கம்பி போட்ட ஒரே ஒரு சன்னல். பூனைகூட யோசித்துத்தான் நுழையும். தகரம் வெயிலில் காய்ந்து படபடவென்று சத்தமிட்டது. பஞ்சுத் தூசி தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டது. கதவைத் தோளால் இடித்தான். கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை; தோள்தான் வீங்கியது.

போதாக்குறைக்கு எங்கே கை வைத்தாலும் சிவப்புச் சிவப்பாகப் பூச்சிகள். சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியவை. முதுகில் இரண்டு கறுப்புப் பொட்டு. அனேகமாக எல்லாம் ஜோடிகள். வாலோடு வால் ஒட்டிக்கொண்டு, ஒன்று முன்னால் இழுக்க மற்றது பின்பக்கமாகவே நடந்துபோயிற்று.

"இதப் பாருங்கய்யா. கண்ணாலங் கட்டுனதுக்குப் பொறவு எல்லார்த்து கதியும் இதுதானாட்ட இருக்குது."

கைலாசம் சிரிக்கவில்லை. உதட்டில் விரலை வைத்தார். சந்தின் கடைசியிலிருந்து ஒரு முனகல் கேட்டது.

மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு மனிதர் கைகால் கட்டப்பட்டுக் கிடந்தார். நாற்பது வயதிருக்கும். காக்கிச் சட்டை. மூக்கின் மேல் ஒரு பக்கம் கீறல் விழுந்த கண்ணாடி. ரங்கன் பாய்ந்து போய்க் கட்டை அவிழ்த்து, தோளைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தான். கை அவர் சட்டைத் தோளில் பசை போல ஒட்டிக்கொண்டு வந்தது.

"என்னுங்க இது, வெல்லப் பாகுல உளுந்து எந்திரிச்சீங்களா?"

"வேர்வை," என்றார் அவர், மூச்சு வாங்கியபடி. "மூணு நாளா இதே எடம். நான் சென்னியப்பன். விவசாய இலாகா."

ரங்கனுக்கு வந்த சந்தோஷத்தில் அடைபட்டிருப்பதுகூட ஒரு கணம் மறந்துவிட்டது. "தேடி வந்த ஆளு கெடச்சாச்சுங்கய்யா! இனி நாம வெளிய போறது ஒண்ணுதான் பாக்கி."

"போக விட மாட்டாங்க. பொழுது சாயறதுக்குள்ள என் நோட்டு அவன் கைக்குப் போய்ச் சேரணும். இல்லைன்னா கிடங்கோட சேத்துக் கொளுத்திருவேன்னு செங்கோடன் சொல்லியிருக்கான்." அவர் கைலாசத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "நோட்டு உங்ககிட்டத்தானே இருக்குது? என் ஊட்டுல குடுத்திருப்பாளே? எங்க வெச்சிருக்கீங்க?"

"பத்திரமா இருக்குதுங்க."

"அதுதான், எங்க?"

"பத்திரமான இடத்துலங்க," என்று கைலாசம் ஒரு மூட்டைமேல் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

கொளுத்துவது என்ற சொல் ரங்கனின் காதில் விழுந்ததும் அங்கேயே தங்கிவிட்டது. சுற்றிலும் பஞ்சு. மேலே தகரம். ஒரே கதவு, அதற்கும் வெளியே நாதாங்கி. தான் இதுவரை செய்த பாவங்களை நினைத்துப் பார்த்தான். உயிரோடு வேகும் அளவுக்கு எதுவும் அகப்படவில்லை. இந்த நேரத்தில் தன் எஜமானர் என்ன செய்கிறார் என்று திரும்பிப் பார்த்தவனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. கைலாசம் ஒரு சிவப்புப் பூச்சியை விரலில் ஏற விட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆபீசர் ஐயா, இதைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்களேன். பொழுது போகணுமே."

"எரியற கிடங்குக்குள்ள உக்காந்துக்கிட்டுப் பொழுது போகலீங்களா உங்களுக்கு?" என்றான் ரங்கன்.

"இன்னும் எரியலையே. சொல்லுங்க ஐயா."

அந்த மனிதர் கண்ணாடிக்கு மேலாகப் பூச்சியைப் பார்த்தார். "இதா? செவப்பு வண்டு. பருத்திக்கு எமன். காயக் கடிச்சு ஓட்டை போட்டுரும்."

"கடிச்சா?"

"ஆமா. பஞ்சும் கறையாகும்."

"இதோட புழு எப்படி இருக்கும்?"

"பருத்திக் காய ஒடச்சாப் பாத்திருப்பீங்களே, உள்ள ரோசாக் கலர்ல ஒரு புழு நெளியும். அதேதான். அது வளந்து, கூடு கட்டி, அப்பறம் இப்படிச் செவப்பா வெளிய வரும்."

"நீங்களே பார்த்திருக்கீங்களா?"

"ஆயிரந் தடவை," என்றார் அவர். அதுவரை தடுமாறிய குரல் இந்த இடத்தில் மட்டும் உறுதியாக வந்தது. "ஒரே காய்க்குள்ள ரெண்டும் இருக்கும். அப்பனும் மகனுமாட்ட."

"ஆகா! படிச்சவங்க படிச்சவங்கதான்," என்று கைலாசம் வியந்தார். "பார்த்தியா ரங்கா, ஆபீசர் எவ்வளவு தெளிவா விளக்கறார்."

"நெம்பத் தெளிவுங்க. இந்தக் கதவத் தொறக்கறதுக்கும் ஒரு பூச்சி இருக்குதான்னு கேட்டுச் சொல்லுங்க."

சொல்லி முடிக்கும்போதே அவன் மூக்கு விடைத்தது. கதவுப் பக்கம் திரும்பினான். பலகைக்கு அடியிலிருந்து வெள்ளையாக ஒரு புகை, தரையோடு தரையாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

"ஐயா!"

காக்கிச் சட்டைக்காரர் துள்ளி எழுந்தார். "இப்பவேவா?" என்ற சொல் அவர் வாயிலிருந்து தன்னையறியாமல் விழுந்தது. உடனே சுதாரித்துக்கொண்டு கைலாசத்தின் தோளைப் பிடித்து உலுக்கினார். "பாத்தீங்களா? வெச்சுட்டான் நெருப்ப! நோட்டு எங்கன்னு சத்தம் போட்டுச் சொல்லிருங்க, உசுரோட விட்ருவான்!"

"நான் சத்தம் போட்டா விட மாட்டாங்க," என்றார் கைலாசம். "நீங்க கதவைத் தட்டினா விடுவாங்க. எத்தனை தட்டு? மூணா, அஞ்சா?"

ரங்கனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. புகையில் எஜமானருக்கு மூளை கலங்கிவிட்டதோ என்று பயந்தான்.

"என்ன பேசறீங்க நீங்க? நான் ஆபீசர்."

"ஆபீசருக்கு இந்தப் பூச்சியைத் தெரியும்." கைலாசம் விரலிலிருந்த பூச்சியை மல்லாக்கத் திருப்பினார். "இங்கே வா ரங்கா. இது வண்டே இல்லை. பூச்சிகளுக்கும் நம்ம பக்கத்துச் சனங்க மாதிரியே கூட்டம், பங்காளி எல்லாம் உண்டுன்னு நிஜ ஆபீசர் நோட்டில் எழுதியிருக்கார். வண்டுக் கூட்டத்துக்கு வாயில் குறடு இருக்கும், கடிச்சுத் தின்னும். இதுக்கு வாயைப் பாரு. ஊசி. நெஞ்சுக்கடியில் மடிச்சு வெச்சிருக்குது. இதுக்குக் கடிக்கவே தெரியாது. குத்தி உறிஞ்சத்தான் தெரியும்."

"மூட்டைப்பூச்சியாட்டவா?"

"சரியா சொன்னே. மூட்டைப்பூச்சி இதுக்குச் சொந்தப் பங்காளி. இறக்கையைத் தொலைச்ச பங்காளி."

"ஓஹோ, அதனாலதான் என்ற படுக்கைக்கு நடந்தே வருதுங்களா?"

"இதுக்கு இறக்கை உண்டு. முன்பாதி தோல் மாதிரி, பின்பாதி சவ்வு மாதிரி. மடிச்சு வெச்சா முதுகில் பெருக்கல் குறி விழும். வண்டுக்கு நடு முதுகில் ஒரே நேர்கோடுதான்." கைலாசம் இருமினார். புகை இப்போது முழங்கால் வரை வந்திருந்தது. "இதெல்லாம்கூடப் போகட்டும். வண்டுக்குப் புழு உண்டு, கூடு உண்டு. இந்தக் கூட்டத்துக்கு ரெண்டும் கிடையாது. முட்டையை விட்டு வரும்போதே அப்பனை உரிச்சு வெச்ச மாதிரிதான் வரும். இறக்கை மட்டும் போகப் போக முளைக்கும். காய்க்குள்ள இருக்கிற ரோசாப் புழு வேறே கூட்டம். அது வளர்ந்தா அந்துப்பூச்சியாகும்."

அவர் காக்கிச் சட்டைக்காரரை நேராகப் பார்த்தார். "விஷயம் தெரியாதவன்னா தெரியாதுன்னு சொல்லியிருப்பான். நீங்க பொய் சொல்லலை. கண்ணால பார்த்ததைச் சொன்னீங்க. வருஷக்கணக்கா மிஷின் முன்னால நின்னு, ஒரே காயிலிருந்து புழுவும் பூச்சியும் சேர்ந்து விழறதைப் பார்த்தவன் மட்டும்தான் அது வளர்ந்து இதாகுதுன்னு சத்தியம் பண்ணுவான். நீங்க இந்த மில்லு மேஸ்திரி."

"உளறாதீங்க. மூணு நாளா நான் இங்க..."

"உங்க தோளைப் பாருங்க."

ரங்கனும் பார்த்தான். காக்கிச் சட்டையின் தோளில் எறும்புகள் வரிசை கட்டி ஏறிக்கொண்டிருந்தன.

"வேர்வைக்கு எறும்பு வரிசை கட்டாதுங்க. இது மாசி மாசம், மாமரம் பூத்திருக்குது. பூவில் தத்துப்பூச்சி உட்கார்ந்து சாறு உறிஞ்சும். குடிச்சது போக மிச்சம் தேன் மாதிரி கீழே சொட்டும். அதுவும் ஊசி வாய்க் கூட்டம்தான், ஒண்ணுவிட்ட பங்காளி. இறக்கை முழுசும் ஒரே சவ்வு, கூரை மாதிரி சாய்ஞ்சிருக்கும். இன்னிக்குக் காலையில் நீங்க ஒரு மாந்தோப்பில் இருந்தீங்க. ஆபீசரோட சட்டையையும் கண்ணாடியையும் அங்கேதான் கழட்டினீங்க. அதனாலதான் அந்தக் கண்ணாடி வழியா உங்களுக்குப் பார்க்கவே முடியலை."

மேஸ்திரி கண்ணாடியைக் கழற்றி எறிந்தான். இடுப்பிலிருந்து ஒரு மடக்குக் கத்தி வெளியே வந்தது.

"கெட்டிக்காரன்தான்யா நீ. இருக்கட்டும். நோட்டு எங்க? அதச் சொன்னாத்தான் கதவத் தட்டுவேன்."

"கோயமுத்தூர் விவசாய ஆபீசுக்குப் போய்க்கிட்டிருக்குது. காலையில் திருச்செங்கோட்டுத் தபாலாபீசில் சேர்த்துட்டுத்தான் இங்கே வர அடுத்த பஸ் ஏறினோம்."

கத்தி பிடித்த கை தொங்கியது. மேஸ்திரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, இனி இவர்களால் உபயோகம் இல்லை என்று முடிவு செய்தவனைப் போல, புகைக்குள் நடந்து போய்க் கதவைத் தட்டினான். இரண்டு தட்டு. கொஞ்சம் நிறுத்தி மூன்று தட்டு.

ரங்கன் பாய்வதற்குத் தயாராகக் குனிந்து நின்றான். கதவு திறக்கவில்லை.

மேஸ்திரி மறுபடியும் தட்டினான். "அண்ணா! நாந்தான், ராசப்பன்! தொறங்கண்ணா!" பிறகு கையால் குத்தினான். பிறகு காலால் உதைத்தான். வெளியே எதையோ இழுத்துக் கதவோடு சேர்த்து முட்டுக் கொடுக்கும் சத்தம் கேட்டது. அதன் பிறகு மாட்டு வண்டி ஒன்று கடகடவென்று விலகிப் போயிற்று.

"காளியண்ணா!" என்று ராசப்பன் அலறினான். "நான் உள்ளதான்டா இருக்கறேன்!"

"அது அவனுக்குத் தெரியும்," என்றார் கைலாசம். அவர் குரலில் இப்போது கேலி இல்லை. "இந்தக் கிடங்கில் இருக்கிறது என்னன்னு யோசிச்சுப் பாருங்க. இருபது ஊருக்கு விதைன்னு கொடுக்கப் போற கொட்டை. மேலே தோல் அப்படியே இருக்குது. உள்ளே பருப்பை இந்தப் பூச்சி உறிஞ்சிருச்சு. விதைச்சா ஒண்ணுகூட முளைக்காது. ஆபீசர் அதைத்தான் கண்டுபிடிச்சு எழுதினார். கொட்டையே எரிஞ்சு போச்சுன்னா நோட்டு வெறும் காகிதம். அது செங்கோடனுக்குக் கொஞ்சம் தாமதமாத்தான் தோணியிருக்குது. கொட்டை, நாங்க ரெண்டு பேர், ஆபீசரைக் கடத்தினதுக்குச் சாட்சியான நீங்க, எல்லாம் ஒரே நெருப்பில் போயிரும். அடுத்தது ஆபீசர். அந்த வண்டி இப்போ தோப்புக்குத்தான் போகுது."

ராசப்பன் கதவிலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். "பதினெட்டு வருசங்க," என்றான். "அவங்க ஊட்டு எலையிலதான் பதினெட்டு வருசமாச் சோறு." வாயைத் திறந்து சத்தமில்லாமல் அழுதான்.

ரங்கனுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது; அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. சட்டையைப் பிடித்துத் தூக்கினான். தேன் பிசுக்கு இரண்டு கையிலும் ஒட்டியது. "அளுகறத வெளிய போயி அளுகலாம், எந்திரிங்க! இந்தக் கெடங்கு உங்களுக்குத் தெரியாத கெடங்கா? வேற வளி எங்க?"

ராசப்பன் கண்ணைத் துடைத்தான். கிடங்கின் பின்சுவரைக் கையால் காட்டினான்.

மூட்டைகளுக்குப் பின்னால், தரையோடு ஒரு சதுர ஓட்டை இருந்தது. கொட்டையை வெளியே வண்டிக்குத் தள்ளிவிடும் ஓட்டை. பலகை போட்டு மூடி, அதன்மேல் ஒன்பது மூட்டை அடுக்கியிருந்தார்கள். பருத்தி சட்டென்று தீப்பிடித்து எரிவதில்லை. கொஞ்ச நேரம் உள்ளுக்குள்ளேயே புகைந்துகொண்டிருக்கும். அந்தக் கொஞ்ச நேரம்தான் அவர்களுக்குக் கிடைத்தது. மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டு, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒன்பது மூட்டைகளையும் உருட்டினார்கள். எட்டாவது மூட்டையை இழுக்கும்போது கதவுப் பக்கத்து அடுக்கு தீப்பற்றியது. கிடங்கு முழுவதும் ஒரு கணம் மஞ்சளாகத் தெரிந்தது. மூட்டைகளிலிருந்த பூச்சிகளெல்லாம் ஒரே திசையில், அவர்கள் கால் வழியாகவும் கை வழியாகவும், பின்சுவரை நோக்கி ஓடிவந்தன.

"நீ முதல்ல போ," என்றார் கைலாசம்.

ரங்கன் ஓட்டையைப் பார்த்தான். அவன் தோளைவிட அது சிறியதாக இருந்தது. அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியவில்லை. கொட்டை குவிந்து அடைத்திருந்தது. "இதுக்குள்ள நான் போனா அடைச்சுக்குவனுங்க. அப்பறம் உங்களுக்கும் வளி இருக்காதுங்க."

"அடைச்சுக்கிட்டா பின்னாலிருந்து உதைப்பேன்."

"நெசமாலுமா?"

"ஆறு வருஷ ஆசை, ரங்கா."

ரங்கன் தலையை நுழைத்தான். கொட்டை கண்ணிலும் வாயிலும் புகுந்தது. நடுவில் தோள் சிக்கியது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. மார்பின்மேல் கிடங்கே உட்கார்ந்திருப்பது போல இருந்தது. இங்கேதான் சாகப் போகிறோம் என்று அவன் நிச்சயமாக நம்பினான். கத்தக்கூட வாயில் இடமில்லை. அப்போது பின்னாலிருந்து, சொன்னபடியே, ஓர் உதை விழுந்தது. வெயிலில் போய் விழுந்தான்.

அவனுக்குப் பின்னால் ராசப்பன் வந்தான். கடைசியில் கைலாசம் வந்தார். அவர் வேட்டியின் ஓரம் கருகியிருந்தது.

மில்லின் முன்பக்கத்தில் ஒரே கூச்சல். "தீ! தீ!" என்று எல்லோரையும்விடப் பெரிதாகக் கத்திக்கொண்டிருந்தவன் செங்கோடனேதான். கூட்டத்துக்கு முன்னால் மார்பில் அடித்துக்கொண்டிருந்தான். காளியண்ணன் அவன் பக்கத்தில் இல்லை.

"தோப்பு எங்கே?" என்றார் கைலாசம்.

"ஓடைக்கு அக்கட்டால. வாங்க, நான் காட்டறேன்," என்று ராசப்பன் முன்னால் ஓடினான்.

ஓடையைத் தாண்டினால் ஐம்பது அறுபது மாமரங்கள், பூவும் கறுப்பேறிய இலையுமாக நின்றன. கீழே ஓடியவர்கள் தலையில் பொடிப்பொடியாகத் தேன் தூறியது. நடுவில் ஒரு சாளை, கூரை வேய்ந்த சின்னக் குடிசை. ராசப்பன் பூட்டை உடைத்தான். ஓடையைச் சுற்றிக்கொண்டு வரும் வண்டிப் பாதையில் தூரத்தில் தூசி கிளம்பியது. அது காளியண்ணனின் வண்டி.

"நீ உள்ளே போய் அவரைக் கூட்டிக்கிட்டு வா. நாங்க இங்கே பார்த்துக்கறோம்," என்று கைலாசம் கதவடியில் நின்றுகொண்டார்.

ரங்கன் குனிந்து நுழைந்தான். இருட்டு. மூலையில் ஒருவரைக் கைகளைக் கட்டி, கயிற்றைக் கம்பத்தோடு பிணைத்திருந்தார்கள். பனியன் மட்டும் போட்டிருந்தார். உதடு வெடித்திருந்தது. காலடிச் சத்தம் கேட்டதும் காலை உதைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

"கிட்ட வராதே!"

"ஐயா, உங்களக் கூட்டிக்கிட்டுப் போகத்தான் வந்தனுங்க. சத்தம் போடாதீங்க."

"முந்தாநாள் ஒருத்தன் போலீஸ்னு சொல்லிக்கிட்டு வந்தான். நேத்து ஒருத்தன் என் மச்சானுக்குச் சிநேகிதன்னான். ரெண்டு பேரும் நோட்டு எங்கேன்னுதான் கேட்டாங்க. நீ யாரு? நோட்டைத் தவிர எதை வேணும்னாலும் கேளு."

"நோட்டெல்லாம் வேண்டாமுங்க, எந்திரிச்சு வாங்க!" ரங்கன் கயிற்றில் கை வைத்தான். அவர் அவன் மணிக்கட்டைக் கடித்துவிட்டார். வண்டிச் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. முரண்டு பிடிக்கிற மனிதரை எப்படித் தூக்கிக்கொண்டு ஓடுவது? பெண்டாட்டி பேரைச் சொல்லலாம். அதைச் செங்கோடன் ஆட்களும் சொல்லியிருப்பார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக ரங்கனுக்குப் பேச ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை.

அவர் முகத்தை முன்னால் நீட்டி, கண்ணைச் சுருக்கினார். "உன் தோள்ல என்னமோ செவப்பா நகருதே. கண்ணாடி இல்லை. கிட்டக் கொண்டா."

ரங்கன் அதை எடுத்து உள்ளங்கையில் விட்டு அவர் மூக்கருகில் நீட்டினான். கிடங்கிலிருந்து அவனோடு சேர்ந்து தப்பி வந்த ஒன்று.

"இது என்ன?"

வண்டு என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. ரங்கன் அதை விழுங்கினான். "மூட்டைப்பூச்சிக்குப் பங்காளிங்க," என்றான். "வாயி ஊசியாட்ட இருக்கும். கடிக்காது, உறிஞ்சும்."

அவர் உதைப்பதை நிறுத்தினார். "இதோட புழுவை எங்கே பார்க்கலாம்?"

"எங்கயும் பாக்க முடியாதுங்க. இதுக்கேது புழு? குஞ்சுலயே அப்பனாட்டத்தான் இருக்கும். றெக்கைதான் இருக்காது."

இருட்டில் அந்த மனிதர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடியில் இறங்கியது.

"என் நோட்டைப் படிச்சிருக்கீங்க," என்றார். "நல்லம்மாதான் உங்களை அனுப்பினாளா?"

"ஆமாங்க. மூணு நாளாச் சோத்த மறந்துட்டீங்கன்னு கோவமா இருக்கறாங்க."

பூச்சி ஆபீசர் சென்னியப்பன் கட்டப்பட்ட இரண்டு கைகளையும் அவனிடம் நீட்டினார். "சீக்கிரம் அவுத்து விடு சாமி. நான் நடந்துருவேன்."